கழற்றி எறிந்த வால்வும் காணாமல் போன மைலேஜும்

"இஞ்சின்ல ஒரு தடவ கை வச்சாச்சுன்னா மைலேஜ் கொஞ்சம் குறையத்தாண்ணா செய்யும். ஆபரேஷன் பண்ணின உடம்பு மாதிரி."

தருமபுரியில் கார் வைத்திருக்கும் யாராவது இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்தால் அவர் நேற்றுதான் ஷோரூமிலிருந்து வண்டி எடுத்திருக்க வேண்டும். பைபாஸ் ரோடு பட்டறையோ, பாலக்கோடோ, அரூரோ, எங்கே போனாலும் இதே வசனம்தான். மெக்கானிக் சொல்கிறார், ஓனர் தலையாட்டுகிறார், காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்த மாதம் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு ஒன்றிய அரசைத் திட்டுகிறார், மாநில அரசைத் திட்டுகிறார், அரபு நாட்டு ஷேக்குகளைத் திட்டுகிறார். திட்ட வேண்டிய ஆளை மட்டும் "அண்ணா, அடுத்த வாரம் ஆயில் மாத்தணும்" என்று அன்போடு விசாரிக்கிறார்!

இந்த வசனம் பொய். கொஞ்சம்கூட நீர் ஊற்றிக் கலக்காத சுத்தமான பொய்.

ரிப்பேர் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன? கெட்டுப்போனதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. ரிப்பேருக்கு முன்னால் லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி ரிப்பேருக்குப் பின்னால் 14 கொடுத்தால் ஒரு கோளாறை எடுத்துவிட்டு இன்னொரு கோளாறை வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். பிஸ்டன் ரிங், போர் எல்லாம் புதிதாகப் போட்ட வண்டிக்கு முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் வரை கொஞ்சம் சலுகை தரலாம், உராய்ந்து படிய வேண்டும். அதைத் தவிர வேறு சாக்கு கிடையாது. ஆபரேஷன் செய்த உடம்பு உதாரணமும் செல்லாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் முன்னைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டு பாதி வேலை செய்தால் டாக்டரை விட்டுவிடுவோமா என்ன?

சரி, விஷயத்துக்கு வருவோம். கார்புரேட்டர் காலம் முடிந்துவிட்டது. இன்றைக்கு வண்டிக்குள் கம்ப்யூட்டர் உட்கார்ந்து எவ்வளவு பெட்ரோல் ஊற்றலாம் என்று கணக்குப் போடுகிறது. அப்படி இருக்க, ரிப்பேருக்குப் பிறகு மைலேஜ் விழ எத்தனையோ காரணம் இருக்கலாம். பிரேக் வேலை பார்த்த பிறகு காலிப்பர் பிடித்துக்கொண்டே இருக்கலாம். டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். காற்றுக்குழாயில் ஒரு கிளாம்ப் சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். ஆக்சிஜன் சென்சாரின் ஒயர் அறுந்திருக்கலாம். இவையெல்லாம் கைப்பிழை. மனிதன் செய்கிற வேலையில் பிழை வரும், காட்டினால் சரிசெய்து விடலாம். இவற்றை மன்னிக்கலாம்.

மன்னிக்கவே முடியாதது ஒன்று இருக்கிறது. தெரிந்தே செய்வது. அதுவும் நல்லது செய்கிற நினைப்பில் செய்வது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது!

தமிழ்நாடு முழுக்க நடக்கிற காரியம்தான் இது. ஆனால் தருமபுரியில் இதற்கு நல்ல விளைச்சல் உண்டு, காரணம் தண்ணீர். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பல் பழுப்பாகும், எலும்பு வளையும். அதற்காகத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் தொடங்கிவைத்து, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். மனிதன் குடிக்க ஆகாது என்று தெரிந்துவிட்டது. கார் குடிக்க ஆகாது என்று மட்டும் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அப்படியே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். (புளோரைடு வேறு, உப்புக் கடினம் வேறு என்பது உண்மைதான். ரேடியேட்டரைக் கெடுப்பது இரண்டாவது. வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம்.)

அந்த வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. கூலன்ட் இல்லாத வெறும் தண்ணீர் உள்ளே துருவையும் உண்டாக்குகிறது. ஒரு நாள் சேலத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பும்போது தொப்பூர் மேட்டில் ஏறுகிற வண்டியின் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. பானட்டில் ஆவி. பட்டறை. மெக்கானிக் பார்க்கிறார்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது ரேடியேட்டரைச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது, மூடியின் ஸ்பிரிங் சரியா என்று பார்ப்பது, வாட்டர் பம்ப், பேன் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, பிறகு நல்ல கூலன்ட் ஊற்றுவது. இதற்கு அரை நாளாவது ஆகும். செலவும் ஆகும். ஓனரோ "சீக்கிரம் பண்ணுங்கண்ணா, செலவு இழுத்துடாதீங்க" என்று பக்கத்தில் நிற்கிறார். மெக்கானிக் என்ன செய்வார்? பத்தே நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறார். பேனை நேரடியாக இக்னிஷனோடு சேர்த்து ஒயர் இழுக்கிறார். வண்டி ஸ்டார்ட் ஆனால் பேனும் சுற்றும், அவ்வளவுதான். "இதெல்லாம் பனி பெய்யற ஊருக்குத்தாண்ணா, நம்ம வெயிலுக்கு எதுக்கு?" முள் கீழேயே நிற்கிறது. ஓனருக்கு மகிழ்ச்சி. மெக்கானிக் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேர்.

'நம்ம வெயிலுக்கு எதுக்கு' என்ற இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! தருமபுரியில் மே மாத மதியம் 40 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். இஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் இருக்க வேண்டிய சூடு ஏறக்குறைய 90 டிகிரி. நம் ஊர் உச்சி வெயிலே இஞ்சினுக்கு 50 டிகிரி குளிர்! நமக்கு அது கொளுத்தும் வெயில், அதற்கு ஊட்டி.

தெர்மோஸ்டாட் ஒன்றும் மாயக் கருவி அல்ல. உள்ளே ஒரு மெழுகு உருண்டை. சூடானால் மெழுகு விரியும், வால்வு திறக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். பெரும்பாலான வண்டிகளில் 80-க்கு மேல் 90-க்குள் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைத்து இஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை. அதைக் கழற்றிவிட்டால் வண்டி எடுத்த முதல் வினாடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டர் வழியாகச் சுற்றும். நாற்கரச் சாலையில் 80-ல் போகும்போது எதிர்க்காற்று அடித்து அதைக் குளிர்விக்கும். இஞ்சின் தன் சூட்டை எட்டவே எட்டாது.

உள்ளே உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? டெம்பரேச்சர் சென்சார் சொல்வதுதான் தெரியும். சென்சார் 'இன்னும் குளிராக இருக்கிறது' என்கிறது. குளிர்ந்த இஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆகவே கூடுதலாக ஊற்று என்பது அதற்குச் சொல்லி வைத்த பாடம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஓரிரு நிமிடம் ஊற்ற வேண்டிய கூடுதல் பெட்ரோலை அது சேலம் போய்ச் சேரும் வரை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. பாவம், அதன் மேல் குற்றமே இல்லை. ஆயில் சூடாகாமல் கெட்டியாகவே இருப்பதால் உராய்வு அதிகம், அதற்கும் பெட்ரோல். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. ஆக மைலேஜ் முதலில் போகிறது, இஞ்சின் மெதுவாகப் பின்னால் போகிறது.

இதைவிடக் கொடுமை, சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும்படி அமைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி வந்துவிடும். மேட்டில் ஏறும்போது வண்டி மறுபடியும் கொதிக்கும். எதற்காகக் கழற்றினார்களோ அதுவும் இல்லை!

இனி கணக்கு. பி.காம். முதல் வருடக் கணக்குக்கூட இல்லை, ஆறாம் வகுப்புக் கணக்கு. வாடகைக் கார் ஓட்டுகிறவர் மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வையுங்கள். 16 கொடுத்தபோது 187.5 லிட்டர். 14 ஆனபோது 214 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மாதம் கூடுதலாக ஏறத்தாழ 27 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே போட்டாலும் 2,700 ரூபாய். வருடத்துக்கு 32,000 ரூபாய்க்கு மேல். இதை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு வால்வையும் சில லிட்டர் கூலன்டையும் வேண்டாம் என்றார்கள்! பட்டறையில் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிகிறது, பங்கில் ஐந்நூறு ஐந்நூறாகக் கசிவது தெரிவதில்லை. காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகம் மறைமுகச் செலவு பற்றி ஒரு அத்தியாயமே எழுதுகிறது. அதற்குத் தருமபுரி பட்டறையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்த 2,700 ரூபாயை ஓட்டுநர் எங்கே பிடிக்கிறார் தெரியுமா? தொப்பூர் இறக்கத்தில். தருமபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் சாலை கீழே இறங்குகிறது. நியூட்ரலில் தள்ளிவிட்டால் சும்மாவே போகும், எண்ணெய் மிச்சம் என்று கணக்கு. லாரிக்காரர்கள் மட்டுமா, கார்க்காரர்களும் செய்கிறார்கள். விபத்து என்றாலே தொப்பூர் என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கியரில் இருந்தால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, பிரேக் சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் போகும். வேடிக்கை என்னவென்றால் மிச்சமும் கிடையாது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் அணையாமல் இருக்க ஊற்ற வேண்டியிருக்கும். உயிரைப் பணயம் வைத்து அதிகப்படியாகச் செலவு செய்கிற ஒரே ஜாதி நாம்தான்.

'மெக்கானிக்கை மட்டும் போட்டுத் தாளிக்கிறது நியாயமா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நல்ல கேள்வி. அவருக்கு அந்த இஞ்சினின் கையேட்டை யார் கொடுத்தார்கள்? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றம் என்ன? ஒரிஜினல் பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தங்கள் சொந்த சர்வீஸ் சென்டர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுநீக்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது, அதில் வாகனமும் ஒரு பிரிவு. ஆனால் பென்னாகரத்தில் ஸ்பேனர் பிடிக்கிறவர் இன்றும் பார்த்துப் பழகி, தடவிப் பழகித்தான் கற்றுக்கொள்கிறார். அவருடைய குரு அம்பாசிடரில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார், இவர் ஸ்விஃப்டில் கழற்றுகிறார். அம்பாசிடரில் கம்ப்யூட்டர் இல்லை, அதனால் அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பாடம் மாறியது, யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பெரிய கம்பெனி என்றால் ரிப்பேர் ஒழுங்காக இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் கதை எல்லோருக்கும் தெரியும். சோதனைச் சாலையில் நல்ல பிள்ளையாகவும் ரோட்டில் புகையைக் கக்கவும் டீசல் கார்களில் மென்பொருள் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமானது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டி. இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்த டிசம்பரில் அறிவித்தார்கள். சரிசெய்த பிறகு டீசல் அதிகம் குடிக்குமா என்பதுதான் பல நாட்டு ஓனர்களின் முதல் கவலை. ஐரோப்பாவில் சரிசெய்த மென்பொருளே குறிப்பிட்ட வெப்பநிலைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்கிறது, அதுவும் சட்டவிரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பு சொன்னது. ரிப்பேரே தில்லுமுல்லு! ஆனால் அமெரிக்காவில் ஒன்று நடந்தது, அதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்துகொண்டால் வண்டியின் ஓட்டத்தில், மைலேஜில் என்ன மாற்றம் வரலாம் என்பதை ஓனருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்ற ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். முன்கூட்டியே. எழுத்தில். நம் ஊரில் வேலை முடிந்த பிறகு, வாயால், ஆபரேஷன் உதாரணத்தோடு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில சமயம் மெக்கானிக் உண்மையிலேயே நிரபராதி. இன்று பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கென வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. பழைய வண்டி பட்டறைக்குப் போன நேரமும் பங்கில் பெட்ரோல் மாறிய நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால் பழி மெக்கானிக் தலையில். பெரிய சைஸ் டயர் மாட்டினாலும் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும், மைலேஜ் விழுந்ததுபோலத் தெரியும்.

அப்படியானால் யார் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அளந்து பார்த்தால்தான். நம் ஆட்கள் அளப்பதே கிடையாது. "ஐந்நூறுக்குப் போட்டேன், தர்மபுரி போயிட்டு வர்றதுக்குள்ள முள்ளு இறங்கிடுச்சு" என்பதெல்லாம் அளவு அல்ல, புலம்பல். பங்கில் தானாக 'டக்'கென்று நிற்கும் வரை டேங்க் நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 400 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். மூன்று தடவை. முக்கியமாக, பட்டறைக்கு விடுவதற்கு முன்னாலும் இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். முன்பு எவ்வளவு என்று தெரியாதவர் இப்போது குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வார்?

அடுத்தது பில். "பில் போட்டா ஜி.எஸ்.டி. வரும்ணா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்பது இரண்டாவது புகழ்பெற்ற வசனம். வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் சேவை செய்கிறவருக்கு ஜி.எஸ்.டி. பதிவே கட்டாயமில்லை. வரி போடாமல் ஒரு தாளில் என்ன வேலை, என்ன பாகம், எவ்வளவு காசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே அது ரசீதுதான். சேவைக்கு ரசீது தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சேர்த்திருக்கிறது. அந்த ஒரு தாள் இருந்தால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. சொந்தப் பிழைப்புக்காக வாடகைக் கார் ஓட்டுகிறவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். 1915 என்று ஒரு உதவி எண்ணும் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும் யாரும் போவதில்லை. போனால் மெக்கானிக் அண்ணா கோபித்துக்கொள்வாராம், அடுத்த தடவை வண்டி நடுவழியில் நின்றால் வரமாட்டாராம். உறவும் வேண்டும், மைலேஜும் வேண்டும் என்றால் எப்படி?

சண்டைகூட வேண்டாம். வண்டியை விடும்போது ஒரே ஒரு வாக்கியம் போதும்: "அண்ணா, கழட்டின பழைய பாகம் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுக் குடுத்துடுங்க." மாற்றியதாகச் சொன்ன பாகம் மாறியதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்தக் கவருக்குள் தெர்மோஸ்டாட் மட்டும் இருந்து, பில்லில் புது தெர்மோஸ்டாட் இல்லை என்றால் விஷயம் முடிந்தது.

ஏற்கெனவே பட்டறைக்குப் போய் வந்துவிட்டவர்கள் நாளைக் காலையே பார்த்துக்கொள்ளலாம். 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் ஓ.பி.டி. கருவி மாட்டி கூலன்ட் சூட்டைப் படிக்கலாம், இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓடியும் 60-லேயே தள்ளாடினால் வால்வு இல்லை அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. பி0128 என்று ஒரு கோளாறு எண்ணும் காட்டலாம், கார் தானே வாய்விட்டுச் சொல்லும் புகார் அது. கருவி இல்லாதவர்கள் இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கலாம். வால்வு இருந்தால் சில நிமிடம் ஜில்லென்று இருந்துவிட்டு திடீரென்று சுடும். இல்லையென்றால் முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். தொடும்போது கையைப் பேன் பக்கம் கொண்டு போகாதீர்கள், அதைத்தான் நேரடியாக இழுத்து வைத்திருக்கிறார்களே, சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.